பூனையின் விலாசம்

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நான் ஒரு பிழை செய்தேன். இடம், இங்கிலாந்து நாட்டின் லெஸ்டர் நகரில் என் மகள் வீட்டுப் பின்வாசல். நேரம், சுபுஹுத் தொழுகைக்குச் சற்று முன். கோடையில் அந்நாட்டில் இரவு என்பது பெயரளவுக்குத்தான். மூன்று மணிக்கெல்லாம் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிவிடுகிறது. உளூச் செய்துவிட்டு, நம் ஊர்ப் பழக்கத்தில் வானத்தை ஒருமுறை பார்க்கலாம் என்று பின்வாசலைத் திறந்தேன். பார்த்தேன். உள்ளே வந்து தக்பீர் கட்டினேன். கதவைச் சாத்தினேனா என்பது அப்போது நினைவில் இல்லை. சாத்தவில்லை என்பது காலை ஏழு மணிக்கு என் பேத்தியின் அழுகுரலில் தெரிந்தது.

மிஷ்மிஷ் போய்விட்டது.

மிஷ்மிஷ் என்பது பூனை. வாதுமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழத்துக்கு அரபியில் அந்தப் பெயர். பழுத்தால் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறமாக இருக்கும். பூனையும் அதே நிறம். முந்திய ஆண்டு அது வீட்டுக்கு வந்தபோது, எட்டு வயதுகூட நிரம்பாத பேத்தி ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, நல்ல அரபுப் பேர் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் தகப்பனாரை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது வழக்கம். முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பெயர் தேர்ந்து கொடுத்திருக்கிறேன். ஒரு பூனைக்குக் கொடுத்ததில் எனக்கு அன்று ஏற்பட்ட பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லண்டன் மாநகரின் ஈஸ்ட் ஹாமில் இருந்து லெஸ்டருக்கு அவர்கள் குடிவந்து மூன்று வாரங்கூட ஆகியிருக்கவில்லை. ஏறத்தாழ நூறு மைல் தொலைவு. புதிய வீட்டுக்கு வந்த பூனையைச் சில வாரங்கள் வெளியே விடக்கூடாது, பழைய வீட்டைத் தேடிக்கொண்டு போய்விடும் என்று மகள் எனக்கு இருமுறை சொல்லியிருந்தாள். எச்சரிக்கையைக் கேட்டும் செய்த பிழைக்குச் சாக்கு இல்லை. பேத்தி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்பா, நீங்கதானே கதவைத் திறந்தீங்க?" அன்று மாலை ஓதுவதற்கு அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கண்டித்து அழைக்க எனக்கு வாய் எழவில்லை.

மருமகன் மட்டும் கலங்காமல் இருந்தார். "கவலைப்படாதீங்க மாமா, அதன் உடம்பில் மைக்ரோசிப் இருக்கிறது. யார் கண்டெடுத்தாலும் நமக்குத் தகவல் வந்துவிடும்" என்றார். அவர் சொன்னதில் எங்களுக்கெல்லாம் ஓர் ஆறுதல் பிறந்தது. பக்கத்துத் தெருக்களில் படம் போட்டுக் காகிதம் ஒட்டினோம். அருகிலிருந்த இரண்டு பிராணி மருத்துவமனைகளில் விசாரித்தோம். அதற்கு மேல் அலையவில்லை. சில்லு இருக்கும்போது ஊரெல்லாம் அலைவானேன் என்ற எண்ணந்தான். அந்த ஆறுதலே எங்கள் கால்களைக் கட்டிப்போட்டது என்பது பின்னால்தான் விளங்கிற்று.

அந்தச் சில்லைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் தவறு. பூனை எங்கே இருக்கிறது என்பதை அது எப்படியோ அறிவித்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் வயதொத்தவர் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அரிசி மணியளவுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி அது. சுமார் 12 மில்லிமீட்டர் நீளம். பருத்த ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் செலுத்திவிடுகிறார்கள். உள்ளே மின்கலம் கிடையாது. தானாக ஒன்றும் பேசாது. ஒரு கருவியை உடலின்மேல் கொண்டுபோனால், அக்கருவி விடும் வானொலி அலையிலிருந்தே சக்தியைப் பெற்று, 15 இலக்கமுள்ள ஓர் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்கிறது. அவ்வளவே. பெயர் இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை. அந்த எண்ணுக்கு உரியவர் யார், அவர் எங்கே இருக்கிறார், அவரை எந்தத் தொலைபேசியில் பிடிக்கலாம் என்பதெல்லாம் வேறோர் இடத்தில், ஒரு பதிவகத்தின் ஏட்டில் இருக்கின்றன. சில்லு சாகும்வரை மாறாது. ஏட்டிலுள்ள விலாசமோ நாம் மாற்றினால்தான் மாறும்.

பதிவகமும் ஒன்றல்ல. அந்நாட்டில் இருபதுக்கும் மேற்பட்டவை இருக்கின்றனவாம். கண்டெடுத்தவர் முதலில் இந்த எண் எந்தப் பதிவகத்தில் இருக்கிறது என்று பார்த்து, பிறகு அங்கே கேட்கவேண்டும். நாய்களுக்கு 2016 ஏப்ரல் 6 முதலும், இங்கிலாந்தில் பூனைகளுக்கு 2024 ஜூன் 10 முதலும் சில்லு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பூனைக் குட்டிக்கு இருபது வாரம் ஆவதற்குள் போட்டுவிடவேண்டும். போடாமல் பிடிபட்டால் 21 நாள் தவணை; அதிலும் போடாவிட்டால் 500 பவுன் வரை அபராதம். சில்லைப் போட்டால் மட்டும் போதாது, பதிவேட்டிலுள்ள விவரங்களை நடப்பில் வைத்திருப்பதும் வளர்ப்பவரின் பொறுப்பே என்கிறது அந்தச் சட்டம். இந்தப் பின்பாதியைத்தான் நாங்கள் கவனிக்கவில்லை.

நாட்கள் கழிந்தன. ஒரு வாரம், பத்து நாள், இரண்டு வாரம். பேத்தி பள்ளி விட்டு வந்ததும் சன்னலருகே நின்றுகொள்வாள். நான் ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு புறப்பட்டு, சந்து சந்தாக நடந்து, "மிஷ்மிஷ், மிஷ்மிஷ்" என்று மெல்லிய குரலில் அழைத்துப் பார்ப்பேன். தலையில் தொப்பியும் நரைத்த தாடியுமாக ஒரு மனிதர் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே குனிந்து அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டு போவதைக் கண்ட அத்தெருவாசிகள் என்ன நினைத்தார்களோ, அறியேன்.

பத்தொன்பதாம் நாள் ஊரிலிருந்து என் துணைவியார் தொலைபேசியில் அழைத்தார்கள். முழங்கால் வலியால் அவர்கள் என்னோடு வரவில்லை. "உங்க பேத்தியின் பூனை லெஸ்டரில் ஒரு காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறதாம். போய்க் கூட்டி வாருங்கள்" என்றார்கள்.

நான் ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டேன். வீட்டிலிருந்து நாலு மைலில் இருக்கிறது பூனை. அந்தச் செய்தி ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வருகிறது.

நடந்தது இதுதான். பூனையை முதலில் வளர்த்தவர் ஈஸ்ட் ஹாமில் என் மகளுக்குப் பழக்கமான, எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்மணி ஒருவர். அவரே 2023 இல் சில்லைப் போட்டு, தம் பெயரில் பதிவு செய்தவர். 2024 இல் அவர் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பியபோது பூனையை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடையைக் கொடுத்தார், தட்டைக் கொடுத்தார், பூனைக்குப் பிடித்த தீனி எது என்று சொல்லிக் கொடுத்தார். பதிவை மாற்றிக் கொடுக்கும் எண்ணம் இரு தரப்பிலும் யாருக்கும் தோன்றவில்லை. ஓடிப்போன நாலாம் நாள், நகரின் மறுகோடியில் சரக்கு லாரிகள் நிறுத்தும் ஒரு மைதானத்தில் யாரோ அதைக் கண்டெடுத்துப் பிராணி மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் கருவியை வைத்துப் பார்த்தார், எண் வந்தது. பதிவகத்தில் கேட்டார்; பெயரும் வந்தது. அந்தக் கைப்பேசி எண் அணைந்துபோய் ஓராண்டு ஆகியிருந்தது. கடிதம் போட்டார்கள், அது ஈஸ்ட் ஹாமில் அப்பெண்மணி காலி செய்த வீட்டுக்குப் போய், வேறு யாருடைய மேசையிலோ கிடந்தது. மின்னஞ்சலும் அனுப்பியிருந்தார்கள். அவரோ அதை எப்போதாவதுதான் திறந்து பார்ப்பவர். பார்த்தபோது பதினைந்து நாள் கழிந்திருந்தது. என் மகளின் புதிய எண் அவரிடம் இல்லை. ஆனால் "இன்ன ஊர் ஹஜ்ரத்துடைய மகள்" என்பது தெரியும். தம்முடைய காக்காவிடம் சொல்ல, அவர் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் கேட்க, மோதினார் ஒரு பையனை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

காப்பகத்துக்கு நாங்கள் போனபோது, வரும் சனிக்கிழமை முதல் அந்தப் பூனையை வேறு வீட்டுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு ஆகியிருந்தது என்று அங்கிருந்த அம்மையார் சொன்னார். அன்று செவ்வாய். அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏட்டில் உங்கள் பெயர் இல்லையே, இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று மட்டும் கேட்டார். கேட்கவேண்டியதுதானே! மருமகன் கைப்பேசியிலிருந்த புகைப்படங்களைக் காட்டினார். தடுப்பூசி அட்டையைக் காட்டினார். பிறகு அம்மையார் குனிந்து என் பேத்தியிடம், உன் பூனைக்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார். "பின்னங்காலில், இடது காலில், ஒரே ஒரு விரல் மட்டும் வெள்ளை" என்றாள் பிள்ளை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் சிரித்தார்.

அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு மதரஸாவின் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஃபிக்ஹு நூல்களில் 'லுகதா' என்று ஒரு பாடம் இருக்கிறது. தவறிக் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவனைப் பற்றிய சட்டம். ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அதற்கு ஆதாரம். பையையும் அதன் கட்டுக் கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும், ஓராண்டு அறிவிப்புச் செய்யவேண்டும், உரியவன் வந்து அடையாளம் சொன்னால் கொடுத்துவிடவேண்டும் என்பது அதன் கருத்து. எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். எடுத்தவனுடைய கடமைகளைப் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறேன். தொலைத்தவன் தன்னைக் கண்டுபிடிக்கக் கூடியவனாக இருக்கவேண்டாமா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. லாரி மைதானத்தில் பூனையைத் தூக்கியவர் தம் கடமையைச் செய்தார். மருத்துவர் செய்தார். காப்பகம் மூன்று வழியில் அறிவிப்புச் செய்தது. எல்லா அறிவிப்பும் ஆளில்லா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியது.

கால்நடைக்கு உரிமையாளரின் அடையாளம் இடுவது பழைய வழக்கந்தான். அரபியில் அதற்கு 'வஸ்ம்' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸக்காத் ஒட்டகங்களுக்குத் தங்கள் கையாலேயே சூட்டுக்குறி இட்டதை அனஸ் (ரலி) கண்டு அறிவித்திருக்கிறார்கள். முகத்தில் மட்டும் சூடு போடலாகாது என்று தடுத்தும் இருக்கிறார்கள். அந்தக் குறியைப் பாலைவனத்தில் யார் கண்டாலும் இது இன்ன கூட்டத்தாரின் ஒட்டகம் என்று அறிவான். ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. சில்லு அப்படியல்ல. சூட்டைவிட இதில் பிராணிக்கு வேதனை குறைவு என்பது உண்மை. ஆனால் குறி ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் இருக்கிறது. நடுவில் உள்ள கயிறு அறுந்தால் எண் வெறும் எண்தான்.

காப்பகத்து ஏட்டில் பூனையின் பெயர் 'ஜிஞ்சர்' என்று இருந்தது. பழைய எசமானி வைத்த பெயர். நான் சந்து சந்தாகக் கூவிய பெயரை அந்நகரில் யாரும் அறிந்திருக்கவில்லை. கி.பி. 1405 இல் மறைந்த இமாம் தமீரி தம் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் பூனையைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்கிறார். பூனையையே கண்டறியாத ஒரு கிராமத்து அரபி ஒரு பூனையைப் பிடித்துக்கொண்டு போகிறான். வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லி அதைப் பற்றிக் கேட்கிறார்கள்: ஸின்னவ்ர், ஹிர்ரு, கித்து என்று. இத்தனை பெயருள்ள பிராணிக்குப் பெரிய விலை கிடைக்குமென்று சந்தைக்குப் போனவனுக்கு அரை திர்ஹமே மதிப்பு என்று தெரிகிறது. பெயரெல்லாம் எத்தனை, விலை எவ்வளவு அற்பம் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறான். மிஷ்மிஷுக்கும் பெயருக்குக் குறைவில்லை. ஜிஞ்சர் ஒன்று, மிஷ்மிஷ் ஒன்று, 15 இலக்கத்தில் ஒன்று. விலாசந்தான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பூனை நேரே படிக்கட்டின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சற்று இளைத்திருந்தது. பேத்தி அதன் அருகிலேயே தரையில் படுத்துக்கொண்டாள். அன்றிரவே மருமகன் கணினியின்முன் உட்கார்ந்தார். வீடு மாறியபோது தாம் எங்கெங்கே விலாசம் மாற்றினோம் என்று கணக்குச் சொன்னார்: வங்கி, மருத்துவர், பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், நகராட்சி வரி, மின்சாரம். ஒன்றையும் விடவில்லை. கட்டணம் கேட்டுக் கடிதம் எழுதும் இடமெல்லாம் நினைவில் இருந்தன. ஒருபோதும் கடிதம் எழுதாத ஒன்றுதான் விடுபட்டது.

திருத்துவது எளிதாக முடியவில்லை. பதிவேட்டில் உள்ளவரிடம் கேட்ட பிறகுதான் வேறு பெயருக்கு மாற்றுவார்கள். அது நியாயமான ஏற்பாடே. இல்லாவிட்டால் கண்டெடுத்தவனெல்லாம் உரிமையாளன் ஆகிவிடுவான். ஊரிலிருந்த அப்பெண்மணிக்குப் பதிவகம் செய்தி அனுப்ப, அவர் தம் மகனை உட்காரவைத்து மறுநாள் பதில் அனுப்பினார். கட்டணமும் உண்டு. சில பதிவகங்கள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கேட்கின்றன, சில ஒரே முறை வாங்கிக்கொள்கின்றன. சில பவுன்களுக்காக இதைத் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்களைக் குறைசொல்லும் தகுதியை நாங்கள் இழந்திருந்தோம்.

புதிய பதிவைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஒரு சிறு ஏமாற்றம். பழைய பெயரும் ஈஸ்ட் ஹாமும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தில் இல்லை; லெஸ்டர் மட்டும் இருந்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாற்றை எழுதியவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். ஒருவர் ஓர் ஊரில் பிறந்து வேறோர் ஊரில் குடியேறியிருந்தால் இரண்டையும் எழுதுவார்கள், முந்திய ஊரை முதலில் சொல்லி, 'ஸும்ம', அதாவது 'பிறகு', என்ற சொல்லை நடுவில் வைத்து அடுத்த ஊரைச் சொல்வது சிறந்தது என்று இப்னுஸ் ஸலாஹ் (கி.பி. 1245 இல் மறைந்தவர்) தம் நூலின் கடைசிப் பாடத்தில் எழுதியிருக்கிறார். மிஸ்ரீ, ஸும்ம, திமிஷ்கீ: எகிப்துக்காரர், பிறகு திமிஷ்குக்காரர். ஓர் அறிவிப்பாளர் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார் என்பது தெரியாவிட்டால், அவர் இன்னாரைச் சந்தித்தாரா என்று சொல்ல முடியாது; தொடர் நடுவில் அறுந்துவிடும். அறுந்த தொடருக்கு 'முன்கதிஃ' என்று பெயர். எங்கள் பூனையின் தொடரில் அறுந்தது ஒரே ஒரு கண்ணி: அப்பெண்மணிக்கும் என் மகளுக்கும் நடுவில் ஒரு 'ஸும்ம'. அதை மேசையருகே உட்கார்ந்திருந்த மருமகனிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, போஸ்ட்கோடைச் சரிபார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பின் ஒரு வாக்குவாதம் எழுந்தது. முதல் எண்ணில் யாரும் கிடைக்காவிட்டால் அழைப்பதற்கு இன்னொரு தொலைபேசி எண்ணும் கேட்டிருந்தார்கள். மகளின் எண்ணைக் கொடுக்கலாம் என்றார் மருமகன். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. வாப்பாவின் எண்ணும் உம்மாவின் எண்ணும் இருந்தும் பூனை கிடைக்கவில்லையே, ஊரில் இருக்கும் அவளுடைய உம்மும்மாவுக்குச் செய்தி போனதால்தானே கிடைத்தது, ஆகையால் உம்மும்மாவின் எண்ணையே எழுதவேண்டும் என்பது அவள் கட்சி. பத்தொன்பது நாள் கழித்து அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, என் ஆதரவைக் கேட்டாள். எந்த நீதியின்படி பார்த்தாலும் மருமகன் சொன்னதே சரி. நான் பேத்தியின் பக்கம் சேர்ந்துகொண்டேன். கடைசியில் மகளின் எண் இரண்டாவதாகவும், குறிப்பு எழுதும் இடத்தில் எங்கள் ஊர் எண் மூன்றாவதாகவும் ஏறின.

ஆகஸ்டு மாதத்தில் நான் ஊர் திரும்பினேன். எங்கள் கூடத்தில் நாட்காட்டிக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பேத்தி சொல்லச் சொல்ல என் துணைவியார் தமிழெழுத்தில் எழுதிவைத்த ஆங்கில வாக்கியம் ஒன்று: 'யெஸ், ஷீ இஸ் அவர் கேட், ப்ளீஸ் கால் மை டாட்டர்.' அதன்கீழே 15 இலக்கங்கள். அதற்கும் கீழே லெஸ்டர் எண்.

"ஷீ என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? மிஷ்மிஷ் ஆண் பூனையாயிற்றே" என்றேன்.

"அப்படியா? அந்த ஏட்டில் என்னவென்று இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே மருமகனுக்குத் தொலைபேசி செய்தேன்.